நாற்பத்தொன்பது நாள் குறைவு

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நான் கூட்ஸ் குமாஸ்தாவாக இருந்தது பத்தொன்பது வருஷம். அதில் பதினெட்டரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்த காலனிக்குக் கொடுத்தேன். கொடுத்தேன் என்று எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. கொடு என்று யாரும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த இருபத்தெட்டு வீடுகள், இரண்டு வரிசை. கதவு இருந்தது இருபத்தாறுக்கு. பதினாறு வீட்டில் அம்மன் படம், பதினோரு வீட்டில் சிலுவை, ஒரு வீட்டில் இரண்டும். எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அறுத்து, களத்தில் தூற்றிக் கூலி வாங்கியவர்கள். வடக்குக் கோடியில் ஒரு புங்கமரம். அதன் கீழே ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்தரை வரை பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பேன். பிறகு பெரியவர்களுக்கு மனு எழுதுவேன். ஜூன் மாதம் பிறந்தால் வயது வந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் யூனியன் பள்ளியில் சேர்ப்பேன்.

ஆனி மாதத்தில் மரத்தடியில் நாற்பத்தொரு பிள்ளைகள் உட்கார்வார்கள். நடவு வந்துவிட்டால் பதினேழு. ஒரு வருஷம் நாற்பத்தொரு சிலேட்டுப் பலகை வாங்கிக் கொடுத்தேன். பொங்கலுக்கு எண்ணிப் பார்த்தால் பத்தொன்பதுதான் இருந்தன. மீதி இருபத்திரண்டு எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பலகை ஒரு வீட்டில் குழம்புச் சட்டிக்கு மூடியாக இருந்ததை நானே பார்த்தேன். அந்த வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"படிப்பு படிப்புன்றியே ஐயரே, கொழம்புல பல்லி வுழுந்தா இன்னா பண்றது?" என்றாள்.

நான் ஐயர் இல்லை. திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பம் என்னுடையது. ஐயங்கார் என்று நான்கு வருஷம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த நான்கு வருஷமும் அங்கே ஒருவர் வீட்டிலும் நான் தண்ணீர் கேட்கவில்லை. அவர்களாகக் கொடுக்கவும் இல்லை. அவர்கள் தயங்கினார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தயங்கியது யார் என்பது ஐந்தாம் வருஷம் ஒரு சித்திரை வெயிலில் கேட்டு வாங்கிக் குடித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. நான் காலனிக்குப் போகத் தொடங்கிய இரண்டாம் வருஷம், அறுபதுகளின் தொடக்கம். அந்த ஜூனில் பதினான்கு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். அங்கே தலைமை ஆசிரியருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை தன் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொட்டதோடு முன்பல்லும் விழுந்திருந்தால் ஆறு. அதற்குத் தக்க வருஷத்தைப் போட்டு, பிறந்த நாள் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன். முந்தைய மூன்று வருஷத்தில் சேர்ந்த நாற்பத்துநான்கு பேரும் ஜூன் ஒன்று.

"காலனி மொத்தமும் ஒரே நாளிலா சார் பிறந்தது?" என்று கேட்டேன்.

"என் ரிஜிஸ்டர்ல ஒரே நாள்லதான் பொறந்துது. ஒங்களுக்கு இன்னா கஷ்டம்?"

"பொய்தானே அது?"

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. "ஐயரே, நாளைக்கு எவனாவது வயசு கேப்பான். பரீட்சைக்குக் கேப்பான், வேலைக்குக் கேப்பான். ஜூன் ஒண்ணுன்னா எங்கயும் இடிக்காது. இருவத்தாறு வருஷமா எழுதிக்கினு இருக்கேன். ஒர்த்தன் வந்து ஏன்னு கேட்டதில்ல. நீங்கதான் மொதல் ஆளு."

எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய மனிதர்கள் வீட்டுப் பிள்ளைக்கு நாள், நட்சத்திரம், நாழிகை எல்லாம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தேதிகூடக் கிடையாதா? நானே கண்டுபிடித்துத் தருகிறேன் என்று ஒரு வாரம் தவணை வாங்கினேன். பதினான்கு வீடும் ஏறி இறங்கினேன். "மழ பேஞ்சிக்கினு இருந்திச்சி" என்றாள் ஒருத்தி. "ஏரி ஒடைஞ்ச வருசம்" என்றாள் இன்னொருத்தி. எந்த ஏரி என்று கேட்டால் அது அவளுக்குத் தெரியாது. பதின்மூன்று பேரிடம் ஒன்றும் தேறவில்லை.

பதினான்காவது வீட்டில் தேறியது. அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆடி போயி மூணா நாளு சாரு. எனக்கு நோவு எடுத்துகிச்சி. கூட்ஸு வண்டி கேட்டாண்ட வந்து நின்னுக்கினு நவுரவே இல்ல. மருத்துவச்சி அந்தாண்ட, நான் இந்தாண்ட. அவ இன்னா பண்ணா தெரியுமா? பொட்டிக்கு அடியில பூந்து வந்துட்டா. எண்ணெக் கிண்ணத்த மட்டும் சாய்க்காம வந்தா பாரு."

"எத்தனை வருஷம் முன்பு?"

"இதுக்குப் பல்லு வுழுந்துட்டுது. நீயே கணக்கு போட்டுக்க."

இதைவிட என்ன வேண்டும் எனக்கு? ஸ்டேஷனில் பழைய டைரிகள் மேல் பலகையில் கட்டிக் கிடந்தன. மூன்று மதிய வேளை தும்மித் தும்மித் தேடினேன். ஐந்து வருஷம் பத்து மாதத்துக்கு முன்னால் ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி. என்ஜின் பழுதாகி, கேட்டை மறித்துக்கொண்டு கூட்ஸ் வண்டி நின்றது. காலை ஆறே காலிலிருந்து பகல் ஒன்று இருபது வரை. இருபத்துமூன்று வேகன்கள். எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஓடிப்போய் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"இருபத்துமூன்று வேகன் அம்மா! ஏழு மணி நேரம் ஐந்து நிமிஷம் நின்றிருக்கிறது!"

"அப்பாடா" என்றாள் அவள். "எத்தினி பொட்டின்னு தெரியாமதான் இத்தினி நாளா எனக்குத் தூக்கம் வரல."

முழுத்தாள் ஒன்றில் எல்லாவற்றையும் எழுதினேன். ஆடி கழிந்த மூன்றாம் நாள், பஞ்சாங்கப்படி தேதி, டைரியின் பக்கம், நேரம், வேகன் எண்ணிக்கை. கீழே கையெழுத்துப் போட்டுத் தலைமை ஆசிரியரிடம் நீட்டினேன். மற்றப் பதின்மூன்று பேருக்கும் அவர் ஏற்கெனவே ஜூன் ஒன்று எழுதியிருந்தார். பல் விழுந்த இந்தப் பெண்ணுக்கும் ஆறு வயது, ஜூன் ஒன்று என்று எழுதத் தயாராகத்தான் இருந்தார். நான் விடவில்லை. ஆகஸ்ட் பத்தொன்பது என்று எழுதவைத்தேன். என் தாளைப் பதிவேட்டோடு ஒட்டிவைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.

"ஒட்டிக்குங்க" என்றார். "பசை மட்டும் நீங்களே வாங்கினு வாங்க."

வாங்கிக்கொண்டு போனேன். நானே ஒட்டினேன்.

அந்தப் பதினான்கு பேரில் ஐந்தாவது வகுப்பை எட்டியவர்கள் ஒன்பது பேர். எட்டாவதில் நான்கு. பதினோராவது வரை போனவர்கள் இரண்டே பேர், இரண்டும் பெண்கள். அவர்களில் ஒருத்தி இவள். கும்மிடிப்பூண்டி உயர்நிலைப் பள்ளிக்குத் தினம் காலை ரயிலில் போவாள். நான் பார்சல் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். எந்தெந்த நாள் வரவில்லை என்று குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கேட்பேன்.

"போலீஸ்காரன்கூட இப்டிக் கேக்கமாட்டான் சார்" என்பாள். ஆனால் வருவாள்.

அவள் எட்டாவது படித்தபோது அப்பன் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பின் அம்மாவோடு எனக்கு வருஷாவருஷம் ஒரே சண்டை. அம்மாவுக்கு ஒரு தம்பி, லாரி டிரைவர். எளாவூர் செக்போஸ்ட்டில் வண்டி மாட்டிக்கொண்டு நிற்கும் நாட்களில் அக்கா வீட்டுக்குச் சோற்றுக்கு வந்துவிடுவான். அவனுக்குத்தான் பெண் என்று பேச்சு. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். நான் ஒன்று சொன்னேன்: பதினோராவது முடியட்டும், சென்னையில் நர்ஸ் பயிற்சி இருக்கிறது, விடுதியும் சாப்பாடும் அவர்களே தருவார்கள், முடித்தால் சர்க்கார் வேலை. அந்த அம்மா நீண்ட நேரம் யோசித்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னாள்.

"பாசு பண்ணி இந்த வருசமே அங்க சேத்துக்கினா போவட்டும். சேத்துக்கலன்னா என் தம்பிக்குத்தான். அவன் மூணு வருசமா காத்துக்கினு கெடக்கான். ஆம்பள இல்லாத ஊட்டுல வயசுப் பொண்ண சும்மா குந்தவெச்சிக்கினு நானும் காவல் காக்க முடியாது சாரு."

பெண் பாஸ் செய்துவிட்டாள். இரண்டு பேரும் பாஸ். காலனியில் முதல் தடவை. நான் விண்ணப்பத் தாள்கள் இரண்டு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். புங்கமரத்தடியில் உட்கார்ந்து முதலில் மற்றப் பெண்ணுடையதை நிரப்பினேன். ஜூலை முதல் தேதியில் பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. அவளுக்குப் பதிவேட்டில் ஆறு வயது, ஜூன் ஒன்று. பதினேழு வருஷம் ஒரு மாதம். முடிந்தது.

பிறகு இவளுடையது. வயதுக்கு வருஷம், மாதம், நாள் என்று மூன்று கட்டம். பதினாறு என்று எழுதினேன். பத்து என்று எழுதினேன். பன்னிரண்டு என்று எழுதும்போது கை நின்றது. மறுபடி கூட்டினேன். விரலில் எண்ணினேன். பதினேழுக்கு நாற்பத்தொன்பது நாள் குறைந்தது.

மற்றப் பெண் நிஜத்தில் இவளுக்குப் பின்னால் பிறந்தவள். அந்த வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம் என்று அவள் அம்மா பின்னாளில் ஞாபகம் வந்து எனக்குச் சொல்லியிருந்தாள். காகிதத்தில் அவள் இவளுக்கு எழுபத்தொன்பது நாள் மூத்தவளாகிவிட்டாள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு இவள் தாளை இழுத்துப் பார்த்தாள். "இன்னா சார்?"

சொன்னேன்.

"நாப்பத்தொம்பது நாளா?" என்றாள். தாளை என்னிடமே தள்ளினாள். பிறகு, "அப்ப நான் எங்கனா போயி முன்னாடியே பொறந்துட்டு வரட்டா சார்?" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். நான் தலைகுனிந்து பேனாவுக்கு மூடி தேடினேன்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால் திருவள்ளூரில் கல்வி அதிகாரியைப் பார்க்க வேண்டும். பார்த்துவிடலாம் என்று தைரியம் சொன்னேன். பழைய தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பள்ளியிலிருந்து பதிவேட்டை அதிகாரிக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார்கள். தாயும் மகளும் நானுமாகப் பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். நாஷ்டா சாப்பிடும்போது இரண்டு பேரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன்: "நீங்கள் வாயே திறக்கக்கூடாது. நான் பேசிக்கொள்கிறேன்."

என் வாழ்நாளில் பொய் மனு எழுதியதில்லை. அன்றைக்கு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தெரியாமல் தவறான தேதியைத் தந்துவிட்டேன், சரியான தேதி ஜூன் ஒன்று என்று நான்கு வரி. ஐம்பது தடவையாவது வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்.

அதிகாரி மனுவைப் படித்தார். பதிவேட்டைத் திறந்தார். நான் ஒட்டிய தாள் கொஞ்சம் பழுப்பேறி அப்படியே இருந்தது. நல்ல பசை. அவர் நிதானமாகப் படித்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார். தவறாக எழுதிவிட்டேன்."

"பஞ்சாங்கம் பார்த்திருக்கீங்க. டைரி பக்கம் போட்டிருக்கீங்க. இவ்வளவும் தவறா?"

"ஆமாம் சார். அந்த வண்டி நின்றது வேறு பிரசவத்துக்கு. இந்தப் பெண் ஜூனில்தான் பிறந்தாள். விசாரித்ததில் குழப்பம்."

அது மோசமான பொய் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர்கூடப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். இரக்கப்பட்டார் என்றே தோன்றியது. தாளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தபடி, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "ஏழு மணி நேரம், இருபத்திரண்டு வேகன்... ஸ்டேஷன் ஆளுங்களுக்கு வேற வேலை இல்லை போலிருக்கு."

"இருபத்துமூன்று" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"பதினோரு வருஷம் கழிச்சும் வேகன் எண்ணிக்கை மறக்கலை" என்றார். "பொண்ணு பொறந்த நாள்தான் குழம்பிடுச்சு, இல்லையா?" பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க நேர்மையான ஆளு சார். இந்தத் தாளை நம்பாம வேற எதை நான் நம்பறது? போயிட்டு வாங்க. அடுத்த வருஷம் மனு போடட்டும்."

நேர்மையான ஆள் என்று ஒருவர் என்னைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அவர்கள் பின்னால். பெரியபாளையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த அம்மா கேட்டாள்.

"எங்கள வாய மூடிக்கினு இருன்னியே, நீ மூடிக்கினு இருந்திருக்கக் கூடாதா சாரு? ஒரு பொட்டி கொறஞ்சா இன்னா, ரயிலு கவுந்துடுமா?"

"ஒரு வருஷம்தான் அம்மா. அடுத்த ஜூலைக்கு..."

"ஒரு வருசம் ஒங்கணக்குல ஒரு வருசம். என் ஊட்டுல அது எவ்ளோன்னு ஒனக்குத் தெரியாது."

பெண் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் அம்மா இளகியிருப்பாளோ என்று எனக்கு நீண்ட நாள் ஒரு கோபம் இருந்தது. அவள் ஏன் கெஞ்ச வேண்டும்? பேச வேண்டிய இடத்தில் நான்தான் அவளுக்கும் சேர்த்துப் பேசி முடித்திருந்தேனே.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். புது ஆலையில் ஆள் எடுக்கிறார்கள், ஒரு வருஷம் அங்கே வேலைக்குப் போகட்டும் என்றேன். விடுதியில் சேர்க்கலாம் என்றேன். முதல் ஞாயிறு மோர் கொடுத்தாள். இரண்டாம் ஞாயிறு தண்ணீர். மூன்றாம் ஞாயிறு, "பேஜாரு பண்ணாத ஐயரே, போ" என்றாள்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி பெண்ணுக்குப் பதினேழு நிறைந்தது. பன்னிரண்டாம் நாள் கல்யாணம். மற்றப் பெண் அதற்குள் சென்னையில் சேர்ந்து, வெள்ளை உடுப்பில் எடுத்த போட்டோவை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டில் போட்டோ பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளை மாலையோடு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ வந்ததுதான் சாரு எனக்கு சந்தோசம். எங்கக்கா குடுத்தான்றாங்க, மாமன் மொறைன்றாங்க. எனக்குத் தெரியும். ஒன் கணக்குதான் எனக்குப் பொண்ணு குடுத்துச்சி."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவன் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே நன்றி சொன்னான். மணப்பெண் சிரிக்கவில்லை.

அதற்கு மேலும் ஏன் அங்கே போனேன் என்று கேட்பீர்கள். அடுத்த ஞாயிறு மரத்தடியில் முப்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், அதனால் போனேன். வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஜூன் மாதங்களில் பள்ளியில் நின்றால் வாயைத் திறப்பதில்லை. தலைமை ஆசிரியர்கள் மாறினார்கள், வழக்கம் மாறவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தார்கள். நிஜத் தேதிகளை என் நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு மாற்றல் உத்தரவு வருவதற்கு முந்தைய ஜூனில், அவள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். அப்போது காலனியைச் சுற்றி இருந்த வயல்களில் பாதி ஆலைகளாகி இருந்தன. அவளும் ஒன்றில் டப்பாவுக்கு மூடி போடும் வேலையில் இருந்தாள். பகல் ஷிப்டுக்கு நேரமாகிறது என்ற அவசரம் அவளுக்கு. வரிசையில் என்னைப் பார்த்ததும் தலையசைத்தாள். ஆறு வருஷத்தில் என்னோடு அவள் பேசியது மொத்தம் பத்து வார்த்தைகூட இருக்காது.

"வயசு?" என்று கேட்டார் தலைமை ஆசிரியர். இளவயதுக்காரர்.

"அஞ்சு சார். ஜூன் ஒண்ணு" என்றாள், அவர் எழுதுவதற்கு முன்பே.

"காதைத் தொடச் சொல்லுங்க."

குழந்தை கையைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோயிற்று. விரல் காதுக்கு மேலேயே நின்றது. ஓர் அங்குலம் குறைந்தது. குறையாமல் என்ன செய்யும்? அது பிறந்தது செப்டம்பர் நான்காம் தேதி. ஐந்து வயதுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. என் சட்டைப் பையில் இருந்த நோட்டில் அது எழுதியிருந்தது.

"தலையச் சாய்டி" என்றாள் அவள்.

குழந்தை தலையைச் சாய்த்தது. அப்படியும் அரை அங்குலம்.

தலைமை ஆசிரியர் சங்கடத்தோடு என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், நீங்க சொல்லுங்க. எட்டுதா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் முழங்கையைப் பிடித்தபடி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டுகிறது" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அவள் குழந்தையின் கையை இறக்கிவிட்டு, அதை வகுப்பில் விட்டுவிட்டு, வாசலில் என்னைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நின்றாள்.

"இத்த அப்பவே கத்துக்கினு இருந்திருக்கலாம் சார்" என்றாள். ஷிப்டுக்கு ஓடினாள்.

அந்தக் குழந்தைக்கு நான் கூட்டிச் சொன்னது தொண்ணூற்றைந்து நாள். இது எந்த விதியில், எந்தக் கட்டத்தில் போய் இடிக்கப் போகிறதோ என்று அன்று மாலையே கவலை பிடித்துக்கொண்டது. உத்தியோகம் விட்டு இத்தனை காலமாகியும் அது விடவில்லை.